நூறுக்கு ஆயிரத்து இருநூறு

பகலில் நான் மின்வாரியக் கணக்கீட்டாளன்.
கடலூர் முதுநகரில் வீடு வீடாய் ஏறி
எண் பார்த்து எழுதுகிறவன்.
முதல் நூறு யூனிட்டுக்குக் காசில்லை,
அதற்குமேல் ஒரு விலை,
ஐந்நூறைத் தாண்டினால் வேறு கணக்கு.
இதை விளக்கி விளக்கி
என் வாய்க்கே ஷாக் அடித்திருக்கிறது.

இரவில் வேறு மீட்டர்.
உள்ளங்கை அகலம், ஊசி வைத்தது.
உப்பனாற்றங்கரை ஐஸ் கம்பெனிச் சுவரை நோக்கிப் பிடித்தால்
மனசில்லாமல் எழுந்து
நூறு நொடி என்கிறது.

அதை அப்படியே நம்பக் கூடாது.
கறுப்புவெள்ளை ஃபிலிமுக்கும் ஸ்லாப் உண்டு.
ஒரு நொடி கேட்டால் இரண்டு கொடு.
பத்துக்கு ஐம்பது.
நூறுக்கு ஆயிரத்து இருநூறு.
பழைய மின்கட்டண அட்டையின் முதுகில்
எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.
வியர்வையில் ஐம்பது இப்போது ஐந்து.

ஏன் இப்படி என்றால்
எனக்குக் கதவை வைத்துத்தான் சொல்லத் தெரியும்.
ஒளி ஒரு தரம் தட்டிவிட்டுப் போனால்
வெள்ளித் துகள் எழுந்து வராது.
சூட்டோடு சூடாய் இன்னொன்று தட்ட வேண்டும்.
இருட்டில் அடுத்தது வந்து சேர்வதற்குள்
முன்னது தட்டியதே மறந்துபோயிருக்கும்.
என் பதிவேட்டில் அதற்கொரு குறி இருக்கிறது:
வீடு பூட்டியிருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு ஷட்டரைத் திறந்து
கேபிள் ரிலீஸைத் திருகிப் பூட்டினேன்.
பன்னிரண்டு வரை
முக்காலிக்கு மட்டும்தான் வேலை.

மூன்றாவது நிமிடம் அஞ்சலாட்சி வந்தார்,
ஏலத்துக்குக் கூடையோடு.
நேராய்ச் சட்டகத்துக்குள் நடந்துபோய்க்
கவிழ்த்த மீன்பெட்டிமேல் உட்கார்ந்தார்.
பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“நீ கரண்டு கணக்கு எடுக்கறவன்தானே?”

மூட முடியாது. ஓட முடியாது.
இன்னும் பதினேழு நிமிடம்.

“போன தபா ரெண்டாயிரத்து நானூறு போட்டுட்டுப் போன.
வூட்ல ஒரு ஃபேனு, ஒரு டிவி,
அதுவும் புள்ள வந்தாத்தான்.
யாரு கரண்டுக்கு நான் கட்டறேன்?”

சோடியம் விளக்கு இரைந்தது.
ஓதம் ஏறி, கட்டிய படகுகள் ஒன்றையொன்று இடித்தன.
அவர் நிறுத்தவில்லை.
பத்தொன்பதாவது நிமிடம் எஞ்சின் சத்தம் கேட்டதும்
பேச்சை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்.

அதே கம்பெனியின் ஐஸை உடைத்துப் போட்டு
குளியலறையில் டெவலப்பரை இருபது டிகிரிக்கு இறக்கினேன்.
ஏழு நிமிடம் என்று டப்பாவில் இருக்கிறது,
ஐந்திலேயே கொட்டிவிட்டேன்.
நிழல் சில்லறை சில்லறையாய்ச் சேர்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம்
அந்த விளக்கு முழுசு முழுசாய் விழுந்துகொண்டிருந்தது.
அதை அடக்கத்தான்.
வெளிச்சத்துக்கு அபராதம் கிடையாது.
கூடுதல் கட்டுவதெல்லாம் இருட்டுதான்.

சுவரில் ஒவ்வொரு செங்கல்லும் இருந்தது.
படகுகள் வெறும் புகை.
நான் கவனிக்கவே கவனிக்காத நாய் ஒன்று
நாலு காலும் மீசையுமாய்த் தூங்கியது.
அஞ்சலாட்சிக்குத் தலை இல்லை,
கழுத்துக்கு மேல் செங்கல்.
கூடை விளிம்பைப் பிடித்த இரண்டு கைகள் மட்டும்
நரம்போடு, நகத்தோடு.

அடுத்த கணக்குக்குப் போனபோது
படத்தைக் கொடுத்தேன்.
“தல எங்க?”
“பேசிக்கிட்டே இருந்தீங்களே.”
தூக்கி, தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டத்தில் பார்த்தார்.
“அவ்ளோ நேரம் குந்தியிருந்தேன்,
கைய மட்டும் போட்டிருக்க.
கரண்டுன்னா மட்டும் கூட்டிப் போடற.”

ஃபேனை அணைக்கச் சொன்னேன்.
டிவி ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.
மெயினுக்கு அடுத்த சுவிட்ச் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு
ஸ்டூல்மேல் ஏறி நின்றேன்.
மீட்டரின் சிவப்புப் புள்ளி மினுங்கியது.
எண்ணினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நாலு சொல்வதற்குள்
மறுபடி.